மூட்டைக் கொக்கியும் சிவப்பு ஐசியும்

பினாங்கில் மியூசியத்துக்குப் பஞ்சமில்லை. ஜார்ஜ்டவுனில் ஒரு சுற்று நடந்தால் பேய் மியூசியம், தலைகீழ் மியூசியம், கேமரா மியூசியம், ராட்சத அளவில் சாப்பாட்டுத் தட்டுகளைச் செய்து வைத்திருக்கும் மியூசியம் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். எனக்கு அவற்றின் மேல் கோபம் ஒன்றும் இல்லை. பள்ளி விடுமுறையில் அக்கா பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டால் எனக்கு அரை நாள் நிம்மதி. ஆனால் வெளியே வந்து ஐஸ் காச்சாங் சாப்பிடும்போது, "சின்னம்மா, நம்ம ஆளுங்க இங்க எப்ப வந்தாங்க? வந்து என்னா செஞ்சாங்க?" என்று அதே பிள்ளைகள் கேட்டால், எந்த வாசலைக் காட்டுவது என்றுதான் தெரிவதில்லை.

காட்டக்கூடிய வாசல் ஒன்று லெபோ பார்குவார் என்ற தெருவில் இருக்கிறது. பினாங்கு மாநில அரும்பொருளகம் 1965இல் அங்கே திறக்கப்பட்டது. கட்டடம் அதைவிட மூத்தது. 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் முன்பு இயங்கிய இடம் அது. துங்கு அப்துல் ரஹ்மானும் படித்த பள்ளி. 1920களின் கடைசியில் பள்ளி கிரீன் லேனுக்குப் பெயர்ந்தது. போர்க்காலக் குண்டுவீச்சில் கட்டடத்தின் ஒரு பக்கம் இடிந்து, மிச்சம் நின்ற பக்கத்துக்குத்தான் அரும்பொருளகம் வந்தது. 2017இல் சீரமைப்புக்கென்று மூடியவர்கள் பல ஆண்டுகள் மூடியே வைத்திருந்தார்கள். நான் சொல்வதெல்லாம் அதற்கு முன்னால் பார்த்தது.

அங்கே பெயர்பெற்ற சேகரிப்பு, கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் எண்ணெய் ஓவியங்கள். ஸ்மித் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர். 1810களில் இந்தத் தீவில் வேலை பார்த்தவர். மலைச்சரிவு, காடு, கீழே கடல், நடுவில் ஒரு பங்களா என்று அமைதியான படங்கள். மனிதர்கள் ரொம்பச் சிறியவர்கள், மரத்துக்குப் பக்கத்தில் மரம் எவ்வளவு உயரம் என்று காட்ட நிறுத்தியது மாதிரி. நன்றாகத்தான் வரைந்திருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு முந்திய பினாங்கு மலையை அந்தப் பச்சையோடு பார்ப்பதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை.

ஸ்மித்தின் இன்னொரு வேலை பக்கத்திலேயே நிற்கிறது. அரும்பொருளகத்தை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். 1818இல் கட்டி முடித்தது. வேலையை மேற்பார்த்தவர் அவர்தான். கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து தண்டனை விதித்துக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகள். தேவாலயம் மட்டுமல்ல, ஊரின் ஆரம்பகாலச் சாலைகள், சதுப்பு தூர்த்தது, வாய்க்கால் வெட்டியது எல்லாவற்றிலும் அவர்கள் கை உண்டு. படம் வரைந்தவருக்குப் பெயரும் பட்டமும் இருக்கின்றன. அவர் ஓவியங்கள் லண்டனில் அச்சாகி விற்ற கதையும் இருக்கிறது. கட்டியவர்களுக்கு மொத்தமாகச் சேர்த்து 'கைதிகள்' என்ற ஒரு சொல்தான்.

ஃபிரான்சிஸ் லைட் சிலையும் ரொம்ப நாள் அரும்பொருளக முற்றத்தில்தான் நின்றது. இப்போது கார்ன்வாலிஸ் கோட்டையில் இருக்கிறது. 1786இல் இங்கே ஆங்கிலக் கொடி ஏறியதன் 150ஆம் ஆண்டுக்காக 1936இல் வார்த்த சிலை. லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்காததால் அவர் மகன் வில்லியமின் சாயலை வைத்து முகத்தைச் செய்தார்கள். அந்த வில்லியம்தான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்தைத் திட்டமிட்டவர். ஜப்பான்காரன் காலத்தில் சிலையின் வாள் தொலைந்துபோனது. சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். வேண்டும் என்று நினைத்துவிட்டால், முகம் தெரியாதவருக்குக்கூட மகனிடமிருந்து முகம் கடன் வாங்கிச் சிலை வைக்க முடிகிறது. ஆதாரம் இல்லை என்பதெல்லாம் அப்புறம் வரும் பேச்சு.

நம் ஆட்களைப் பற்றி ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வரை கொண்டுவந்து இறக்குகின்றன, அவர்கள் வியாபாரமோ கூலி வேலையோ செய்து நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்புகிறார்கள் என்று லைட்டே 1794இல் எழுதி வைத்திருக்கிறார். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இலேயே வந்துவிட்டது. குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலுக்கு 1833. பினாங்குத் தெருவைப் பழைய ஆட்கள் இன்றும் கிட்டங்கித் தெரு என்பார்கள். செட்டியார்கள் பெட்டகமும் கணக்குப் பெட்டியுமாக உட்கார்ந்து வட்டிக் கடை நடத்திய கிட்டங்கிகள் அங்கேதான் இருந்தன.

இதெல்லாம் ஓரளவு எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரு சங்கதியைச் சொல்கிறேன். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதற்கப்புறம் பிடிபட்ட 70க்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி எங்கே அனுப்பினார்கள்? 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பழைய நூல்களில் வரும். நம்ம பினாங்குதான் அது. சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அதில் ஒருவர், அப்போது சிறுவன். பல வருஷம் கழித்து, 1818இல், ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி பினாங்குக்கு வந்தபோது அவரைச் சந்தித்திருக்கிறார். வெல்ஷ் வேறு யாருமல்ல, இளவயதில் சின்ன மருதுவிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர், பிறகு அதே மருதுவுக்கு எதிரான படையிலும் போனவர். தன் நினைவுக்குறிப்பில், சிறுவனாகப் பார்த்த துரைச்சாமி வயதுக்கு மீறித் தளர்ந்துபோய் நின்றதை அவர் எழுதியிருக்கிறார்.

அந்த 1818, செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் முடிந்த அதே ஆண்டு. துரைச்சாமி அதன் பக்கத்தில் நடந்தாரா, மணியோசை அவர் காதில் விழுந்ததா என்றெல்லாம் கற்பனை செய்து எழுதும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன். ஆனால் சிவகங்கைச் சீமையின் கதை முடிந்த ஊர்களில் ஒன்று நாம் தினமும் கார் நிறுத்த இடம் தேடி அலையும் இந்த ஊர் என்பதை ஒரு பலகையில் எழுதி மாட்டுவதற்கு ஆகும் செலவு என்ன? சென்னையிலிருந்து வரும் சுற்றுப்பயணிகள் கூட்டம் நின்று படிக்குமா படிக்காதா? நாசி கண்டார் கடை வரிசையைவிட அங்கே கூட்டம் குறைவாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி மனத்தாங்கலுக்கு வருகிறேன். எந்த ஓர் அரும்பொருளகத்தையும் குறிப்பாகச் சொல்லவில்லை, பல ஊர்களில் பார்த்ததைச் சொல்கிறேன். 'இந்தியர்' என்று போட்ட மூலைக்குப் போனால் என்ன இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பட்டுச்சேலை கட்டிய பொம்மை, குத்துவிளக்கு, நாதஸ்வரம், மயில்தோகைக் காவடி, பொங்கல் பானை. அதைப் பார்த்துவிட்டுப் போகும் வெளிநாட்டுக்காரருக்கு நாம் கும்பிடுகிறவர்கள், ஆடுகிறவர்கள், சாப்பிடுகிறவர்கள் என்று படும். வேலைக்குப் போகிறவர்கள் என்று மட்டும் படாது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாய்க் கிடந்ததும், 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தபின் ஆள் சேர்த்து அழைத்துவரும் கங்காணி பின்னால் வந்து கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பால் வெட்டியதும், கப்பலில் அம்மை கண்டால் ஜெரஜாக் தீவில் இறக்கி அடைத்து வைக்கப்பட்டதும், துறைமுகத்தில் தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறக்கியதும் எங்கே? காவடி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் தூக்கிய தோளில் மற்ற நாள்களில் என்ன இருந்தது என்பதையும் வையுங்கள் என்கிறேன்.

இதில் பாதிக் குற்றம் நம் மேல்தான். அரும்பொருளகம் வானத்திலிருந்து பொருள் எடுப்பதில்லை. கொடுப்பவர்கள் கொடுத்ததைத்தான் வைக்கிறது. 'பாரம்பரியப் பொருள் ஏதாவது இருக்கா?' என்று கேட்டால் நாம் பித்தளையைத் துலக்கிக்கொண்டு போய் நிற்கிறோம். துருப்பிடித்ததைக் கொண்டுபோக வெட்கம்.

எங்கள் வீட்டில் அப்படித் துருப்பிடித்த சாமான் ஒன்று இருக்கிறது. தாத்தாவின் மூட்டைக் கொக்கி. 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர் அவர். 1926இல் கடலில் இறங்கிய ரஜூலா, 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய் வந்து, 1974இல் உடைபட்டது. மலேசியத் தமிழர் வீடுகளில் பாதி அந்தக் கப்பல் இறக்கிய வீடுகள் என்று சொன்னால் மிகை அதிகம் இருக்காது. தாத்தா தோட்டத்துக்குப் போகாமல் துறைமுகத்திலேயே ஒட்டிக்கொண்டவர்.

கொக்கியின் பிடி மரம். கையை மடக்கினால் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இரும்பு வெளியே நீளும். உள்ளங்கை அழுந்தும் பக்கம் மரம் தேய்ந்து குழிந்திருக்கிறது, என் கை அந்தக் குழியில் சரியாக உட்காரவில்லை. முனையில் அரம் போட்டு ராவிய கோடுகள் இன்னும் தெரிகின்றன. தாத்தாவோடு சின்ன வயதில் கொஞ்ச நாள் வேலைக்குப் போன பெரியப்பா அதைக் கையில் வாங்கியதும் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அரிசி மூட்டக்கி ரெண்டு பேரு, ரெண்டு கொக்கி. நடுவுல குத்துனா கிழிஞ்சுரும், மூலைய மடிச்சு அதுல போடணும். சீனி மூட்டக்கிக் கொக்கியே போடக்கூடாது. சிந்துச்சுன்னா தண்டலு கூலியில புடிப்பான்."

"அப்ப எப்படித் தூக்குவீங்க பெரியப்பா?"

"கட்டிப் புடிச்சுத்தான். சாயங்காலம் ஒடம்பு பூரா எறும்பு."

நான் வேலை பார்ப்பது பட்டர்வொர்த்தில், சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில். மூட்டையைத் தொட்டதில்லை, கொண்டைனர் எண்களைக் கணினியில் தட்டுவதோடு சரி. ஆனால் வந்து குவியும் அட்டைப்பெட்டிகளில் குடைப் படம், கண்ணாடிக் கோப்பைப் படத்தோடு, ஒரு கொக்கியை வரைந்து குறுக்கே கோடு போட்ட சின்னமும் சிலவற்றில் இருக்கும். கொக்கி போடாதே என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்த்த சின்னம்தான். அது யாருக்குப் போட்ட எச்சரிக்கை என்று பெரியப்பா பேசியபிறகுதான் உறைத்தது.

அந்த வேலை போனதற்கும் காரணம் உண்டு. 1969இல் தீவு தன் சுங்கவரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. பெரிய சரக்கு எல்லாம் மெல்ல மெல்ல அக்கரைக்கு, பட்டர்வொர்த் பக்கம் போனது. கொண்டைனர் வந்தபிறகு மூட்டையும் இல்லை, தொங்கானும் இல்லை. ஊருக்குள் குடியிருந்தவர்களும் அப்புறம் கலைந்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டின் முடிவோடு போனது. சொற்ப வாடகைக்கு மூன்று தலைமுறையாகக் கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு பாயான் பாருவுக்கும் பாகானுக்கும் போனார்கள். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது சுவர்கள் இருந்தன, குடியிருந்தவர்களில் நிறையப் பேர் இல்லை. வீடு மாற்றும்போது முதலில் எதைத் தூக்கிப் போடுவோம்? தகரப் பெட்டியை. அதற்குள்தான் கப்பல் சீட்டும் கூலிச் சீட்டும் கடிதமும் இருக்கும். பழைய பேப்பர்காரர்கள் அந்த ஆண்டுகளில் எடைக்கு எடை வாங்கிப்போன சரித்திரத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

கூ கொங்சி என்ற சீனக் குலமன்றத்தில் மாடிக்கோயிலைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால், அந்தக் குலத்தாரின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடம் இருக்கிறது. ஆர்மேனியன் தெருவில் தியோசியூ சீனர்களின் பொம்மலாட்டத்துக்கென்று தனி வீடே வைத்தார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். நம்மிடமும் இருக்கிறது. தண்ணீர்மலையில் 513 படி ஏறிப் போகும் கோயிலைக் கட்டியவர்கள்தானே நாம்? கோபுரத்துக்குப் பொன்முலாம் பூசத் திரட்டும் தொகையில் பத்தில் ஒரு பங்கு கோயில் பதிவேடுகளைக் காப்பாற்றப் போதும். கும்பாபிஷேக மலரில் தலைவர், செயலாளர், பொருளாளர் படம் பக்கம் பக்கமாக வரும். அந்தக் கோயிலுக்கு முதலில் கொட்டகை போட்ட கூலிக்காரர் பெயர் வராது. இதைச் சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும், வரட்டும்.

தமிழர் உழைப்பைப் பற்றி ஒரு சிறிய கண்காட்சி வைக்கலாம் என்று நண்பர்கள் சிலர் கிளம்பினார்கள். கொக்கியை எடுத்துக்கொண்டு நானும் போனேன். பொருள் சேகரிப்பு என்பது வாங்கி அலமாரியில் வைப்பதுதான் என்று இருந்தவளுக்கு, அங்கே அரும்பொருளக வேலை தெரிந்த ஒரு பெண் படிவத்தை நீட்டினார். யாருடையது, எந்த ஆண்டு, எங்கே பயன்பட்டது, எப்படிப் பயன்பட்டது, யார் கை மாறி வந்தது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது, கொடையா இரவலா. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண் தொலைந்தால் பொருளும் தொலைந்த மாதிரிதான் என்றார். சொந்தக்காரர் விவரம் இல்லாத கொக்கி பழைய இரும்புக்கடையிலும் கிடைக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்த சிலவற்றை வீட்டில் பழசு வைத்திருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பழைய எண்ணெய்க் கறையும் அரத் தடமும் அதோடு போய்விடும். படத்தின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், மெல்லிய பென்சில் போதும். ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்திலிருந்து படங்களை எடுத்துவிடுங்கள். பினாங்கு ஈரத்தில் தாளைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், திறந்து போட்டால் இராமபாணப் பூச்சி. அமிலமில்லாத் தாள் உறை, காற்றோட்டம், இருட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, லேமினேட் செய்யாதீர்கள். நம் ஆட்கள் பிறப்புப் பத்திரத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை லேமினேட் பண்ணித்தான் பத்திரப்படுத்துவார்கள். சூட்டில் உருகி ஒட்டிய பசை தாளைத் தின்றுகொண்டே இருக்கும், திரும்பப் பிரிக்கவும் முடியாது.

கொக்கியைக் கொடுப்பதில் வீட்டில் யாருக்கும் தடையில்லை. தகராறு வந்தது பாட்டியின் சிவப்பு ஐசியில், அதாவது அடையாள அட்டையில். 1948இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி வந்த அவசரகாலத்தில், அடையாள அட்டை வந்தது. பிற்பாடு குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு என்று ஆனது. பாட்டி இங்கேயே ஏழு பிள்ளை பெற்று, பேரப்பிள்ளைகளின் கல்யாணம் பார்த்து, கடைசிவரை சிவப்பு அட்டையோடு இருந்தார். தேர்தல் நாளன்று வீட்டில் எல்லாரும் ஓட்டுப் போட்டுவிட்டு வருவார்கள், ஓட்டில்லாத பாட்டி சமைத்து வைத்துக் காத்திருப்பார். அட்டையில் பெருவிரல் ரேகை மங்கிப்போயிருக்கிறது. கண்காட்சியில் ஒரே ஒரு பொருள்தான் வைக்கலாம் என்றால் நான் கொக்கியை விட்டுவிட்டு இதைத்தான் வைப்பேன்.

"கொக்கியக் குடு, பெட்டியக் குடு, என்னா வேணாலும் குடு. அம்மாவோட ஐசிய நாலு பேரு பாக்கிற எடத்துல வைக்க வேணாம்" என்றார் அம்மா.

"அசிங்கமாம்மா அது?"

"அசிங்கம் இல்ல. அது அவங்க கஷ்டம். டிக்கெட்டு போட்டுக் காட்றதுக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் படிவப் பெண்ணிடம் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. அட்டையைப் படம் எடுத்து, பெயரையும் எண்ணையும் மறைத்து, அம்மாவை அதைப் பற்றிப் பேசச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யலாம், அட்டை வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பித்தளையைக் காட்டுகிறோம், துருவை ஒளிக்கிறோம் என்று மேலே எழுதியவள்தான் நான், ஆனால் ஒளிப்பது வேறு, காப்பது வேறு போலிருக்கிறது.

இப்போதைக்கு ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஒரு படத்தைப் பற்றியது. தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. தொங்கானில் ஐந்து பேர், முண்டாசும் அரைக்கால் சட்டையும், இரண்டு பேர் கையில் கொக்கி. வலது ஓரத்தில் தாத்தா. பெரியப்பாவுக்கு இன்னும் மூன்று பேரைத் தெரிகிறது, ஆனால் பட்டப்பெயராகத்தான். அதில் ஒன்று எந்தப் பலகையிலும் எழுதத் தக்கதல்ல. வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைத்ததைப் பென்சிலால் குறித்து வருகிறேன். நடுவில் நிற்கும் உயரமான ஆளைத்தான் பெரியப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லை. பாகான் டாலாமில் அந்தக் கூட்டத்தோடு வேலை செய்த ஒருவர் இன்னும் இருக்கிறாராம், காது மட்டும் கொஞ்சம் மந்தமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு போகிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்தாகிவிட்டது. லேமினேட் செய்யவில்லை.